சூதக வலிக்கு வீட்டு மருந்து: எது, எவ்வளவு, எந்த நாளில்

மாதவிடாய்க்கு என்று வீட்டில் சொல்லும் மருந்துகளையெல்லாம் ஒரே பட்டியலில் அடுக்குவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. வலி ஒரு கோளாறு. உதிரம் அளவுக்கு மீறிப் போவது வேறு. நாள் தள்ளிப்போவது இன்னொன்று. சுக்கு, வெந்தயம், ஒத்தடம் போன்றவை வலிக்குக் கேட்கும் என்பதற்குப் பெண்களிடம் நடத்திய ஆய்வுகள் இருக்கின்றன. மற்ற இரண்டுக்கும் நம்பிக் கொடுக்கும்படியான மூலிகைச் சான்று இல்லை. அதனால் இங்கே வலியைப் பற்றி விரிவாகவும், மற்றவற்றில் எதைச் செய்யக் கூடாது என்பதைக் கறாராகவும் சொல்கிறோம்.

வலி வருவது எப்படி என்று தெரிந்தால் மருந்தை எப்போது தொடங்குவது என்பதும் விளங்கிவிடும். மாதவிடாய்க்கு முன் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனின் சுரப்பு சரிகிறது. கருப்பையின் உட்சவ்வு உதிரத் தொடங்குகிறது. அதிலிருந்து புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் வெளிப்பட்டு, கருப்பைத் தசையை இறுக்கி, அங்கே போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. அடிவயிற்றில் தொடங்கி இடுப்புக்கும் தொடைக்கும் இறங்கும் வலி அதுதான். உடன் வரும் வாந்தி, பேதி, தலைவலிக்கும் அதுவே காரணம். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐபுபுரூஃபன், மெஃபெனமிக் அமிலம் இரண்டும் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதையே தடுக்கின்றன. சுக்கிலுள்ள காரப் பொருள்களும் ஆய்வுக்கூடத்தில் அதே இடத்தில் வேலை செய்வது தெரிந்திருக்கிறது. உருவான பிறகு கொடுப்பதைவிட உருவாகும் முன்பே கொடுப்பது நல்லது என்பது இதிலிருந்தே வருகிறது.

சுக்கு

வீட்டு மருந்துகளில் முதலிடம் இதற்குத்தான். 2009இல் ஈரானில் 150 மாணவிகளை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு இஞ்சிப் பொடி 250 மில்லிகிராம் நாளுக்கு நான்கு வேளை, மற்ற இரண்டுக்கு மெஃபெனமிக் அமிலம், ஐபுபுரூஃபன் என்று முதல் மூன்று நாள் கொடுத்தார்கள். வலி குறைந்ததில் மூன்று குழுவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. 2012இல் அங்கேயே நடந்த இன்னொரு ஆய்வில் 500 மில்லிகிராம் மூன்று வேளை கொடுத்தார்கள். மாதவிடாய் தொடங்கிய நாளில் ஆரம்பித்தவர்களுக்கு வலியின் கடுமை குறைந்தது. இரண்டு நாள் முன்பே ஆரம்பித்தவர்களுக்குக் கடுமையோடு வலி நீடிக்கும் நேரமும் குறைந்தது. இவை சிறிய ஆய்வுகள். 2016இல் காக்ரேன் அமைப்பு உணவுவழி மருந்துகள் குறித்த 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது இஞ்சிக்கும் வெந்தயத்துக்கும் ஓரளவு பலன் தெரிவதாகவும், ஆனால் சான்றின் தரம் தாழ்வு என்றும்தான் எழுதியது. நம்பி முயன்று பார்க்கலாம். எல்லோருக்கும் கேட்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது.

தயாரிப்பு: கடையில் வெள்ளை வெளேரென்று இருக்கும் சுக்கின் மேல் சுண்ணாம்பு பூசியிருப்பார்கள். பழுப்பாக, முடிச்சோடு, உடைத்தால் நார் தெரிகிற சுக்கைத் தேர்ந்தெடுங்கள். கத்தியால் மேல்தோலைச் சுரண்டி எடுங்கள். சித்த முறையிலும் சுக்கின் புறத்தோலை நீக்கிவிட்டுத்தான் மருந்துக்குச் சேர்ப்பார்கள். ஒருநாள் வெயிலில் காயவைத்து, இடித்து, மெல்லிய துணியில் சலித்து, ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். மணம் போன பொடியில் மருந்தும் போயிருக்கும்.

அளவு: தலைதட்டிய ஒரு தேக்கரண்டிச் சுக்குப்பொடி ஏறக்குறைய 2 கிராம். ஆகவே கால் தேக்கரண்டி என்பது அரை கிராம். அதை நாளுக்கு மூன்று வேளை, உணவுக்குப் பின், அரை டம்ளர் வெந்நீரில் கலக்கிப் பொடியோடு குடிக்க வேண்டும். கருப்பட்டியோ தேனோ சேர்க்கலாம்.

பலர் தவறவிடுவது இந்த இடத்தில்தான். சுக்கைத் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டிக் குடித்துவிட்டு, ‘கேட்கவில்லை’ என்பார்கள். ஆய்வில் கொடுத்தது பொடி. காரப் பொருள்கள் தண்ணீரில் நன்றாகக் கரைவதில்லை. பெரும்பங்கு வடிகட்டியில் தங்கும் சக்கையோடு போய்விடுகிறது. கடைச் சுக்குக் காபியிலும் இதே சிக்கல். அதில் மல்லி, மிளகு, கருப்பட்டி எல்லாம் சேர்ந்திருக்கும். ஒரு டம்ளரில் சுக்கு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. அது குடிக்க இதமான பானம், அவ்வளவே.

மாதவிடாய் ஒழுங்காக வருபவர்கள், எதிர்பார்க்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு தொடங்கி, உதிரம் வந்த மூன்றாம் நாளோடு நிறுத்துங்கள். ஒழுங்கில்லாதவர்கள் இடுப்பு கனக்கத் தொடங்கும் முதல் அறிகுறியிலோ முதல் உதிரத்திலோ ஆரம்பியுங்கள். மூன்று மாதம் இப்படிப் பார்த்த பிறகே பலன் உண்டா இல்லையா என்று முடிவு செய்யுங்கள். முதல் மாதத்தை வைத்துச் சொல்ல முடியாது. வலி மாதத்துக்கு மாதம் மாறக்கூடியது.

நெஞ்செரிச்சல் வந்தால் அளவைப் பாதியாக்குங்கள். வெறும் வயிற்றில் கூடவே கூடாது. வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மருந்து சாப்பிடுபவர்கள், பித்தப்பைக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

வெந்தயம்

2014இல் வெளியான ஆய்வில் 101 மாணவிகள் பங்கேற்றார்கள். வெந்தயப்பொடி 900 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, முதல் மூன்று நாள், இரண்டு மாதம். ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களைவிட இவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது. வீட்டு அளவில் அது ஏறத்தாழ தேக்கரண்டியில் மூன்றில் ஒரு பங்கு. வெறும் சட்டியில் மெல்லிய சூட்டில் மணம் வரும்வரை மட்டும் வறுத்துப் பொடித்து, மோரில் கலந்து குடிப்பது எளிது. கருகினால் கசப்பு ஏறி வாயில் வைக்க முடியாது. ஊறவைத்த வெந்தயத்தை முழுதாக விழுங்குவது பழக்கம் என்றாலும், மெல்லாமல் போனால் பாதி அப்படியே வெளியே வந்துவிடும்.

வெந்தயம் சர்க்கரையைக் குறைக்கும். நீரிழிவு மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கம் வரலாம். வேர்க்கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாதவர்களுக்கு இதுவும் ஒவ்வாமல் போகலாம், அதே பயற்றுக் குடும்பம். இரும்புச்சத்து மாத்திரையோடு ஒரே நேரத்தில் எடுத்தால் இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும். இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். வியர்வையிலும் சிறுநீரிலும் இனிப்பான ஒரு வாடை வந்தால் பயப்பட வேண்டாம், வெந்தயத்தின் வாடைதான். கருவுற்றிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் மருந்தளவில் தொடாதீர்கள்.

சோம்பும் பட்டையும்

சோம்பு குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் அதன் சாற்றை மாத்திரையாகவோ சொட்டாகவோ கொடுத்தவை. நாம் குடிக்கும் சோம்புத் தண்ணீருக்கு அந்த முடிவுகளை அப்படியே பொருத்தக் கூடாது. ஐரோப்பிய மருந்து முகமை, நீண்டகாலப் பயன்பாட்டை அடிப்படையாக வைத்து, மாதவிடாயின் போது வரும் லேசான பிடிப்பு வலிக்குச் சோம்பை ஏற்றிருக்கிறது. முறை இது: அப்போதே இடித்த சோம்பு 1.5 முதல் 2.5 கிராம், அதாவது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. கால் லிட்டர் கொதிநீரை ஊற்றி மூடி, 15 நிமிடம் கழித்து வடிகட்ட வேண்டும். நாளுக்கு மூன்று வேளை. மூடாமல் விட்டால் மணத்தோடு எண்ணெயும் ஆவியாகிவிடும். சோம்புக்கு ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோனின் தன்மை லேசாக உண்டு என்பதால் மாதம் முழுக்கக் குடிக்காமல் அந்தச் சில நாள்களோடு நிறுத்துவதே சரி. சோம்பு எண்ணெயை வாங்கிக் குடிப்பது ஆபத்து.

இலவங்கப்பட்டைக்கும் ஓரிரு ஆய்வுகள் உண்டு. அவற்றில் ஒன்றில் ஐபுபுரூஃபனே மேலாக இருந்தது. கடைகளில் தடிப்பாக, மரப்பட்டை போலக் கிடைப்பது காசியா வகை. அதில் கூமரின் என்னும் பொருள் அதிகம், தொடர்ந்து அளவு மீறினால் கல்லீரலைப் பாதிக்கும். மெல்லிய சுருள்களாக அடுக்கியிருக்கும் இலங்கைப் பட்டையில் அது மிகக் குறைவு. குழம்புக்குப் போடும் அளவோடு விட்டுவிடலாம்.

ஒத்தடம்

மூலிகை எதுவும் இல்லாமல், எல்லோரும் துணிந்து செய்யக்கூடியது இது. 2001இல் வெளிவந்த ஆய்வொன்றில் அடிவயிற்றில் சுமார் 39 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைத் தொடர்ந்து 12 மணி நேரம் இரண்டு நாள் கொடுத்தார்கள். ஐபுபுரூஃபனுக்கு இணையாக வலி குறைந்தது. கவனியுங்கள்: சூடு மிதமானது, நேரம் நீண்டது. நாம் செய்வது பெரும்பாலும் தலைகீழ். கொதிக்கக் கொதிக்க வைத்து, ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுகிறோம்.

ரப்பர் பையில் மூன்றில் இரண்டு பங்கு வெந்நீர் ஊற்றி, காற்றை அழுத்தி வெளியேற்றி, மூடியைத் திருகுங்கள். கொதிநீர் ஊற்றினால் ரப்பர் கிழியும், தோலும் வெந்துபோகும். ஒரு பருத்தித் துண்டில் சுற்றி அடிவயிற்றிலோ இடுப்பிலோ வைத்து, சூடு ஆறும்போது மாற்றிக்கொண்டே இருங்கள். அதை வைத்துக்கொண்டு தூங்க வேண்டாம். பை இல்லாத வீட்டில் கல்லுப்பு இரண்டு கைப்பிடி எடுத்து வாணலியில் சூடாக்கித் துணியில் முடிந்துகொள்ளலாம். உப்பு சட்டென்று மிகவும் சூடேறும், எனவே மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்த பிறகே வயிற்றில் வையுங்கள். மாதாமாதம் சுடச்சுட வைப்பவர்களுக்கு வயிற்றுத் தோலில் வலைபோலப் பழுப்புக் கோடுகள் விழுவதுண்டு. அது தெரிந்தால் சூடு அதிகம் என்று பொருள்.

உளுந்தங்களியும் எள்ளும்

வயதுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களி கிண்டுவது தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் உள்ள வழக்கம். இடுப்பெலும்பு பலப்படும், கருப்பை வலுவாகும் என்பார்கள். அதைச் சோதித்துப் பார்த்த மருத்துவ ஆய்வு கிடையாது. ஆனால் நல்ல உணவு என்பதில் ஐயமே இல்லை. புரதம், கொழுப்பு, மாவுச்சத்து மூன்றும் ஒரே உருண்டையில் இருக்கின்றன. சாப்பிடப் பிடிக்காத அந்த நாள்களில் இது பெரிய உதவி.

தோல் நீக்காத கறுப்பு உளுந்து ஒரு கப், பச்சரிசி இரண்டு மேசைக்கரண்டி. உளுந்தை மணம் வரும்வரை வறுத்து, அரிசியோடு அரைத்துச் சலியுங்கள். ஒரு கப் மாவுக்கு ஒரு கப் கருப்பட்டி, மூன்று கப் தண்ணீர். கருப்பட்டியைக் கரைத்து மண் போக வடிகட்டுங்கள். மாவை அந்தப் பாகு ஆறிய நிலையிலேயே கட்டியில்லாமல் கரைத்த பிறகு அடுப்பில் ஏற்றுங்கள். கொதிக்கும் பாகில் மாவைக் கொட்டினால் கட்டி தட்டும், பிறகு எவ்வளவு கிண்டினாலும் உடையாது. சிறு தீயில் விடாமல் கிண்டி, கால் கப் நல்லெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் இறக்கலாம். பச்சை வாடை அடித்தால் இன்னும் வேகவில்லை; வேகாத உளுந்து வயிற்றை உப்பச் செய்து வலியோடு வலி சேர்க்கும்.

எள்ளு சாப்பிட்டால் தள்ளிப்போன மாதவிடாய் வந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. எள்ளைப் பற்றி அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஹார்மோன் ஆய்வு, தினம் 50 கிராம் எள்ளுப் பொடி கொடுத்து, மாதவிடாய் நின்ற 24 பெண்களிடம் நடத்தியது. அதை வைத்து இளம்பெண்ணுக்கு மாதவிடாய் வரவழைக்கும் என்று சொல்வது பொருந்தாது. எள்ளுருண்டையை உணவாகச் சாப்பிடுங்கள்.

உதிரம் அதிகமாகப் போனால்

சித்த மருத்துவம் பெரும்பாடு என்று சொல்லும் இந்தக் கோளாறுக்கு அசோகப்பட்டைக் கஷாயம் நெடுங்காலமாகக் கொடுக்கப்படுகிறது. இரண்டு சிக்கல்கள் உண்டு. பெண்களிடம் முறையாக ஒப்பிட்டுச் செய்த தரமான ஆய்வு அதற்கு இல்லை. அடுத்தது, சந்தையில் அசோகப்பட்டை என்று விற்பதில் பெரும்பங்கு அசோகமே அல்ல. சாலையோரத்திலும் பள்ளி வளாகத்திலும் ஊசி போல உயர்ந்து நிற்கும் மரத்தை நாம் அசோகமரம் என்கிறோம், அது நெட்டிலிங்கம். மருந்துக்கான அசோகம் கொத்துக் கொத்தாக ஆரஞ்சும் சிவப்புமாகப் பூக்கும், அளவான உயரமுள்ள வேறு மரம். பட்டைக்காக வெட்டி வெட்டி அது அழிவின் விளிம்பை நெருங்குவதால் கலப்படம் இன்னும் கூடிவிட்டது. தெருமுனை மரத்தில் பட்டை உரித்துக் கஷாயம் வைப்பவர்கள் குடிப்பது நெட்டிலிங்கச் சாற்றைத்தான். சுக்கு உதிரப்போக்கைக் குறைத்ததாக 92 மாணவிகளிடம் செய்த ஒரே ஒரு சிறு ஆய்வு உண்டு. அதை நம்பி மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஒரு நாப்கின் ஒரு மணி நேரத்தில் நனைந்து, இப்படி இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, நெல்லிக்காய் அளவில் கட்டி விழுந்தாலோ அந்த வாரமே காட்டுங்கள். முதல் மாதவிடாயிலிருந்தே அதிகமாகப் போகிறது, கூடவே மூக்கிலும் ஈறிலும் ரத்தம் வருகிறது என்றால், ரத்தம் உறைவதில் பிறவிக் கோளாறு இருக்கலாம். அவர்களுக்கு வலி மாத்திரையோ சுக்கோ மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

இழந்த இரும்பை ஈடுகட்டுவது அடுத்த வேலை. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15–49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. முருங்கைக்கீரையும் பேரீச்சையும் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். 100 கிராம் பச்சை முருங்கைக்கீரையில் இரும்பு சுமார் 4 முதல் 5 மில்லிகிராம்; அதிலும் உடலில் சேர்வது சிறு பங்கு. ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படுவது 29 மில்லிகிராம். கீரை பிடித்தால் தினமும் சாப்பிடுங்கள், எலுமிச்சை பிழிந்து கொள்ளுங்கள், டீ காபியை ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். ஆனால் ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் மாத்திரைதான் வழி. பள்ளிகளில் வாரம் ஒன்றாகக் கொடுக்கும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அது வரும்முன் காக்க. ரத்தசோகை வந்த பிறகு அது மட்டும் போதாது.

நாள் தள்ளிப்போனால்

பப்பாளிக்காய், அன்னாசி, கருஞ்சீரகம் வெல்லம் சேர்த்த உருண்டை, கற்றாழைச் சாறு என்று வரவழைக்கும் மருந்துகள் நிறையச் சொல்லப்படுகின்றன. அவற்றைத் தொடும் முன் கருத்தரிப்புச் சோதனை செய்யுங்கள். கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருந்தால் இந்த மருந்துகளோடு கடத்தும் ஒவ்வொரு நாளும் உயிருக்கு ஆபத்து. ஒரு பக்க அடிவயிற்றில் வலியும் மயக்கமும் அதன் அடையாளம். விரும்பாத கரு என்றால், இந்தியச் சட்டப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் ஒப்புதலோடு பாதுகாப்பாகக் கலைக்க முடியும். 2021 திருத்தம் குறிப்பிட்ட சிலருக்கு அதை 24 வாரம் வரை நீட்டியது. ரகசியமும் காக்கப்பட வேண்டும். பச்சைப் பப்பாளிப் பாலுக்குக் கருப்பையைச் சுருக்கும் தன்மை எலிகளில் தெரிந்தது; அதை வைத்து மனிதருக்கு அளவு சொல்ல யாருக்கும் வழியில்லை.

கற்றாழை மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பால் கடுமையான பேதி மருந்து. நுங்கு போன்ற சோற்றை எடுப்பதானால் மடலைச் செங்குத்தாக அரை மணி நேரம் நிறுத்திப் பாலை வடியவிட்டு, தோல் சீவி, ஏழெட்டு முறை கழுவ வேண்டும். கழுவியது மாதவிடாயை வரவழைக்காது. கழுவாதது வயிற்றைக் கெடுக்கும்.

நீர்க்கட்டிக்கு மலைவேம்புச் சாறு, கழற்சிக்காய்ப் பொடி இரண்டும் இப்போது காணொளிகளில் மிகவும் பரவுகின்றன. பெண்களிடம் பலனை நிறுவிய தரமான ஆய்வு இரண்டுக்கும் இல்லை. மலைவேம்பின் காயில் நஞ்சு உண்டு, தின்று விஷமேறிய நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. இலைச் சாற்றுக்குப் பாதுகாப்பான அளவு எவரும் நிறுவவில்லை. தினம் இரண்டு வேளை புதினா டீயை 30 நாள் குடித்த பெண்களுக்கு ஆண் ஹார்மோன் சற்றுக் குறைந்ததாக 2010இல் ஓர் ஆய்வு வந்தது. முகமுடி வளர்ச்சி அந்தக் காலத்துக்குள் குறையவில்லை, மாதவிடாய் ஒழுங்காகும் என்றும் அது நிறுவவில்லை. குடிப்பதில் கெடுதல் இல்லை. ஆனால் மூன்று மாதம் மாதவிடாய் வராமல் இருந்தால் உட்சவ்வு உதிராமல் தடித்துக்கொண்டே போகும். தைராய்டு, புரோலாக்டின், ஸ்கேன் பார்த்தே ஆக வேண்டும். 15 வயது முடிந்தும் பூப்படையாத பெண்ணையும் காட்டுங்கள்.

இன்னொரு குழப்பம் நொச்சி. மாதவிடாய்க்கு முன் வரும் எரிச்சல், மார்பு வலி ஆகியவற்றுக்கு ஐரோப்பாவில் ஆய்வு செய்த செடி வைட்டெக்ஸ் அக்னஸ் காஸ்டஸ். நம் ஊர் நொச்சி வைட்டெக்ஸ் நெகுண்டோ. ஒரே குடும்பம் என்பதற்காக ஒன்றின் பலனை மற்றதற்கு எழுதிவிடுகிறார்கள். நொச்சி ஆவி பிடிக்கத்தான்.

வலிக்கு மாத்திரை எப்போது

சுக்கும் ஒத்தடமும் மூன்று மாதம் முறையாகப் பார்த்தும் பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியவில்லை என்றால் ஐபுபுரூஃபன், மெஃபெனமிக் அமிலம் போன்ற மாத்திரைகளை எடுப்பதில் தயக்கமே வேண்டாம். அவற்றுக்கான சான்று இந்த மூலிகைகள் எல்லாவற்றையும்விட வலுவானது. அவற்றையும் உணவுக்குப் பின், வலி தொடங்கும்போதே எடுக்க வேண்டும். குடற்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்டுவிட்டு எடுங்கள். மெஃபெனமிக் அமிலம் எடுத்த பிறகு காய்ச்சலோடு தோலில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். இதுபற்றி இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரித்தது. மாத்திரையோடு சுக்கையும் ஒரே வேளையில் சேர்த்தால் வயிறு எரியும். ஒன்றை எடுக்கும் வேளையில் மற்றதை விடுங்கள்.

சில வலிகள் மாத்திரைக்கும் அடங்காது: ஆண்டுக்கு ஆண்டு கூடும் வலி, மாதவிடாய் இல்லாத நாளிலும் இருக்கும் வலி, உறவின்போதும் மலம் கழிக்கும்போதும் வரும் வலி, 25 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய வலி. எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது), நார்க்கட்டி போன்றவை உள்ளே இருக்கலாம். ‘கல்யாணமானால் சரியாகிவிடும்’ என்று சொல்லி இந்தப் பெண்களை ஆண்டுக்கணக்கில் காக்கவைப்பது பெரும் கொடுமை.

சித்த மருத்துவம் பார்க்க விரும்பினால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அரசு மருத்துவமனைகளிலும் சித்தப் பிரிவு உண்டு. பதிவுபெற்ற மருத்துவரிடம் போகும்போது கடைசி மூன்று மாதவிடாய்த் தேதிகள், ஒவ்வொரு நாளும் மாற்றிய நாப்கின் எண்ணிக்கை, சாப்பிடும் மற்ற மாத்திரைகள் ஆகியவற்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள். மருந்துப் புட்டியில் உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி மூன்றும் இருக்க வேண்டும். பற்பம், செந்தூரம் என்று பெயர் இருந்தால் அதில் உலோகமோ கனிமமோ சேர்ந்திருக்கும்; அதைக் காணொளி பார்த்தோ தபாலிலோ வாங்காமல், மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவிலும் நாளிலும் மட்டும் சாப்பிடுங்கள்.